எட்டு கிராம் வித்தியாசம்

குறைமாதத்தில் பிள்ளை பெற்று, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாள்கணக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள் காலையில் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "இன்னிக்கு எடை எவ்வளவு சிஸ்டர்?" நேற்று 1,210 கிராம், இன்று 1,225 என்றால் அன்று முழுக்க முகத்தில் ஒரு தெளிச்சி. அதே எடையில் நின்றுவிட்டாலோ, பத்து கிராம் இறங்கிவிட்டாலோ மத்தியானச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. காய்கறிக் கடைக்காரர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பத்துப் பதினைந்து கிராம், அந்த வாசலில் அவ்வளவு பெரிய விஷயம்.

அந்த எடையைக் கூட்ட மனிதக் கை ஏதாவது செய்ய முடியுமா? குழந்தையை நீவிவிட்டால் எடை ஏறும் என்று 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நம்மூர்ப் பாட்டிகளுக்கு இது செய்தியே இல்லை. ஆனால் பாட்டி செய்வதும் அந்த ஆய்வில் செய்ததும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு புரியாமல், "மசாஜ் செய்தால் எடை கூடும்" என்ற ஒரு வரியை மட்டும் வாட்ஸப்பில் படித்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலில், இந்தக் குழந்தைகளுக்கு எடை ஏறுவது ஏன் இவ்வளவு பாடாக இருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். உலகத்தில் 2020ஆம் ஆண்டில் மட்டும் அப்படிப் பிறந்தவர்கள் சுமார் 1 கோடியே 34 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில். வயிற்றுக்குள் இருக்கும் கடைசி மூன்று மாதம்தான் சேமிப்புக் காலம். தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்வதும், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி போய்ச் சேர்வதும் அப்போதுதான். அந்தச் சேமிப்பு இல்லாமல் வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு உடம்புச் சூட்டைக் காப்பாற்றுவதற்கே நிறையச் சத்து செலவாகிவிடும்.

சரி, நிறையப் பால் கொடுத்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒரு ஒழுங்கில் சேர்த்துச் செய்ய ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ வயிற்றுக்கு விட்ட மெல்லிய குழாயில்தான் தாயின் பீச்சிய பால் போகும். அப்புறம் பாலாடை. (நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பாலாடை, இன்று குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் கருவியாக உலக மருத்துவ இதழ்களில் அதே தமிழ்ப் பெயரோடு எழுதப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது.) குடலும் முற்றாத குடல்தான். அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் வயிறு உப்பும், பால் தங்காது. பிறந்த முதல் சில நாளில் எடை இறங்கத்தான் செய்யும். அதற்குப் பிறகு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் வரை ஏற வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. வயிற்றுக்குள் இருந்திருந்தால் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் வளர்ந்திருக்கும்.

இப்போது கை விஷயத்துக்கு வருவோம். குறைமாதக் குழந்தையைத் தொடவே கூடாது என்றுதான் மருத்துவம் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தது. 1880களில் பாரிசில் ஸ்டெஃபான் தார்னியே இன்குபேட்டரைப் பிரசவ மருத்துவமனைக்குள் கொண்டுவந்த நாளிலிருந்தே குழந்தை கண்ணாடிக்கு உள்ளே, தாய் வெளியே. கிருமி பயம் அதைக் கெட்டிப்படுத்தியது. 1970களில் ரத்தத்தின் ஆக்சிஜனைத் தோல்மேலிருந்தே அளக்கும் கருவிகள் வந்தன. குழந்தையைத் தொட்டுப் புரட்டும்போதெல்லாம் அந்த அளவு இறங்குவதைப் பார்த்தார்கள். தொடாமல் விடுவதே நல்லது என்று முடிவாயிற்று.

அந்த முடிவில் ஒரு ஓட்டை இருந்தது. அந்தக் குழந்தைக்குக் கிடைத்த தொடுகை எல்லாம் என்ன மாதிரித் தொடுகை? குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது, ஒட்டிய பிளாஸ்டரைப் பிய்ப்பது, தொண்டையில் குழாய் விட்டுச் சளி உறிஞ்சுவது. அதற்கெல்லாம் ஆக்சிஜன் இறங்காமல் என்ன செய்யும்? அதையும் ஒரு தாய் முதுகைத் தடவுவதையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டார்கள். பின்னாளில் நீவிவிடும்போது தனியாக அளந்து பார்த்ததில், நிலைமை தேறிய குழந்தைகளுக்குக் கவலைப்படும்படி ஆக்சிஜன் இறங்கவில்லை என்று தெரிந்தது.

தொடுகைக்கும் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு விடை வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து: எலிக்கூண்டிலிருந்து.

வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் என்ற ஆய்வாளர், சிந்தியா கூன் முதலிய சக ஆய்வாளர்களோடு 1970களில் எலிக்குட்டிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால், வளர்ச்சிக்குத் தேவையான ஆர்னித்தின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதியும் வளர்ச்சி ஹார்மோனும் சில மணி நேரத்துக்குள் சரசரவென்று குறைந்தன. பால் கிடைக்காததாலா? சூடு இல்லாததாலா? இரண்டும் இல்லை என்று காட்ட அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தாய் எலிக்கு மயக்க மருந்து கொடுத்துக் குட்டிகளோடு படுக்க வைத்தார்கள். சூடும் வாசனையும் அப்படியே இருந்தன. ஆனாலும் நொதி குறைந்தது. மயங்கிக் கிடந்த தாயால் ஒன்றை மட்டும் செய்ய முடியவில்லை: குட்டியை நக்கிக் கொடுப்பது.

அடுத்து, தாயின் நாக்குக்குப் பதிலாக ஈரத் தூரிகையால் குட்டியின் உடம்பை நன்றாக அழுத்தித் தேய்த்தார்கள். நொதியும் ஹார்மோனும் பழைய நிலைக்குத் திரும்பின. குட்டியைச் சும்மா ஆட்டினாலோ, காலை மடக்கி நீட்டினாலோ அந்தப் பலன் வரவில்லை. எலிக்குத் தோலில் அழுத்தம் வேண்டியிருந்தது.

மயாமி பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளர் இதே கேள்வியைக் குறைமாதக் குழந்தைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து செய்ததுதான் 1986இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான ஆய்வு.

அதில் 40 குழந்தைகள். சராசரியாக 31 வாரத்தில், 1,280 கிராம் எடையோடு பிறந்தவர்கள். தீவிர சிகிச்சைக் கட்டத்தைத் தாண்டி, எடை ஏறினால் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையில் இருந்தவர்கள். இந்த விவரத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பாதிப் பேருக்கு 10 நாள், நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம் நீவிவிட்டார்கள். இன்குபேட்டரின் ஓட்டைகள் வழியாகக் கையை விட்டு, கையைச் சூடாக்கிக்கொண்டு, குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து முதல் ஐந்து நிமிடம்: உச்சந்தலையிலிருந்து கழுத்து வரை, கழுத்திலிருந்து தோள், முதுகிலிருந்து இடுப்பு, தொடையிலிருந்து பாதம், தோளிலிருந்து கை. ஒரு நீவலுக்கு ஐந்து விநாடி, ஓரிடத்துக்கு ஒரு நிமிடம். அவ்வளவு நிதானம். நடு ஐந்து நிமிடம் மல்லாத்தி, கைகால்களை மெல்ல மடக்கி நீட்டுவது. கடைசி ஐந்து நிமிடம் மறுபடி நீவல்.

நீவிவிட்ட குழந்தைகள் நாளொன்றுக்கு 25 கிராம் ஏறினார்கள். மற்றவர்கள் 17 கிராம். வித்தியாசம் 8 கிராம், அதாவது 47 சதவீதம் கூடுதல். பத்திரிகைகள் அந்த 47ஐப் பிடித்துக்கொண்டன. எனக்கு அதைவிட ஆச்சரியமாக இருந்தது வேறொரு விவரம்: இரண்டு குழுவும் குடித்த பாலின் அளவு ஒன்றுதான். இன்னொன்று, நீவிவிட்ட குழந்தைகள் அதிகம் தூங்கவும் இல்லை. சொல்லப்போனால் கூடுதல் நேரம் விழித்திருந்தார்கள், கூடுதலாகக் கைகாலை ஆட்டினார்கள். தூங்கினால்தான் பிள்ளை தேறும் என்று நாம் சொல்வதற்கு நேர்மாறு. சராசரியாக ஆறு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். குழந்தைக்கு ஏறக்குறைய 3,000 டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 1992இல் மயாமியில் தொடுகைக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனத்தை ஃபீல்ட் தொடங்கினார். அதற்குத் தொடக்க நிதி கொடுத்தது, பேபி ஆயில் விற்கும் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம்.

இந்த 8 கிராம் அப்படியே நிற்கவில்லை. அதே குழுவினர் 1990இல் இன்னும் 40 குழந்தைகளிடம் செய்து பார்த்தபோது கூடுதல் 21 சதவீதமாக இருந்தது. 2003இல் ஐந்தே நாள் நீவிய வேறோர் ஆய்வில் 53 சதவீதம். இப்படி மேலும் கீழுமாகப் போகும் எண்களை எல்லாம் சேர்த்துப் பார்ப்பதற்கென்றே இருக்கிறது காக்ரேன் என்ற அமைப்பு. அதன் 2004ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொன்னது: நாளொன்றுக்குச் சுமார் 5 கிராம் கூடுதல், மருத்துவமனையில் சுமார் நாலரை நாள் குறைவு. நீவாமல் கையை அசையாமல் சும்மா வைத்திருந்த ஆய்வுகளில் பலன் எதுவும் தெரியவில்லை. அதோடு ஒரு குட்டும் வைத்தது: ஆய்வுகளின் தரம் போதவில்லை, இதை நம்பி எல்லா மருத்துவமனைகளிலும் கொண்டுவரச் சொல்ல முடியாது.

என்ன குறை? எந்தக் குழந்தைக்கு நீவுகிறார்கள் என்பது வார்டில் எல்லாருக்கும் தெரியும். எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கும் தெரியலாம். மாத்திரை ஆய்வென்றால் வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றலாம், கையைக் கொண்டு எப்படி ஏமாற்றுவது? தொடக்ககால ஆய்வுகளில் பல, ஒரே குழுவினருடையவை என்ற சங்கடமும் உண்டு. அதனால் "நாளுக்கு ஐந்து கிராம்" என்பதையே கையில் வைத்துக்கொள்வது நேர்மை என்று நினைக்கிறேன். ஒரு தேக்கரண்டித் தண்ணீரின் எடை.

அது குறைவா? 1,300 கிராம் குழந்தை 1,800ஐத் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 17 கிராம் ஏறினால் 29 நாள் ஆகும். 22 கிராம் ஏறினால் 23 நாள். ஆறு நாள் மிச்சம். ஆறு நாள் கிருமிகள் நிறைந்த வார்டில் இல்லாமல் இருப்பது, ஆறு நாள் அப்பா வேலைக்குப் போவது. மருந்தில்லாமல், மின்சாரம் இல்லாமல் கிடைக்கும் ஒன்றுக்கு இது மோசமில்லை. ஆனால் எடை மட்டும் ஏறினால் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். மூச்சு இடையில் நிற்காமல் இருக்க வேண்டும், தானாகப் பால் குடிக்க வேண்டும், உடம்புச் சூடு நிலைக்க வேண்டும். இதற்கெல்லாம் நீவுதல் உத்தரவாதம் தராது.

கூடுதல் பால் குடிக்காமல் எடை எப்படிக் கூடுகிறது? இதற்கான விடையில் நடுநாயகம் வேகஸ் என்ற நரம்பு. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று ஊர் சுற்றும் நீண்ட நரம்பு அது. தோலுக்கு அடியில் அழுத்தத்தை உணரும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. அவை தூண்டப்படும்போது வேகஸ் சுறுசுறுப்படைகிறது. அது சுறுசுறுப்படைந்தால் இரைப்பை நன்றாக அசைந்து கடைகிறது, இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன, உள்ளே போன பால் வீணாகாமல் உடம்பில் ஒட்டுகிறது. 2005இல் மிகேல் தியேகோவும் ஃபீல்டும் குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, இதயத் துடிப்பையும் இரைப்பையின் மின் அசைவையும் பதிவு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு மிதமான அழுத்தத்தோடு நீவல். ஒரு பிரிவுக்கு அதே இடங்களில், அதே நேரம், ஆனால் இறகு படுவதுபோல் லேசான தடவல். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. அழுத்தம் கொடுத்த பிரிவில் மட்டும் வேகஸ் விழித்தது, இரைப்பை அசைந்தது, எடையும் கூடியது. லேசாகத் தடவுவது குழந்தைக்குக் கிச்சுகிச்சு மூட்டுவது போலத்தான், எரிச்சல்தான். பயந்து பயந்து விரல் நுனியால் தொடும் புதுத் தாய்க்கு இதைச் சொல்ல வேண்டும். மிதமான அழுத்தம் என்றால் தோல் சற்றே அசைய வேண்டும், நிறம் மாறக் கூடாது. அவ்வளவுதான்.

பின்னால் வந்த ஆய்வுகளில் ரத்தத்தில் இன்சுலினும், இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணி ஒன்றும் கூடியிருந்தன. இத்தாலியின் பீசா நகரில் 2009இல் வெளியான ஆய்வில், நீவிவிட்ட குழந்தைகளின் மூளை மின்னலைகளும் பார்வைக் கூர்மையும் சற்று வேகமாக முதிர்ந்தன. கைகாலை மடக்கி நீட்டும் அந்த நடு ஐந்து நிமிடத்துக்கும் தனி மதிப்பு இருக்கிறது. யூட்டா மாநிலத்தில் 1995இல் அதை மட்டும் தனியாகச் செய்து பார்த்தபோது எலும்பில் தாதுச்சத்து கூடியது. அதே யூட்டாக் குழுவின் 2013ஆம் ஆண்டு ஆய்வு கதையைக் கொஞ்சம் திருப்பிவிட்டது. எடையில் இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை, ஆனால் நீவிவிட்ட ஆண் குழந்தைகளின் உடம்பில் கொழுப்பு குறைவாகச் சேர்ந்திருந்தது. இன்று தாய்ப்பாலில் செறிவூட்டும் பொடி கலந்து, புரதத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். 1986இல் இருந்ததைவிடக் குழந்தைகள் நன்றாகவே ஏறுகிறார்கள். எனவே இனி நீவுதலின் பலனைத் தராசில் மட்டும் தேடினால் போதாது போலிருக்கிறது.

இதுவரை எண்ணெய் என்ற பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா? மயாமியில் தொடங்கியது கையை வைத்துத்தான். எண்ணெய் இந்த ஆராய்ச்சிக்குள் வந்தது பெரிதும் நம் பக்கத்திலிருந்து.

மும்பையில் தாராவிக்குப் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி மருத்துவமனையை எல்லாரும் சயான் மருத்துவமனை என்பார்கள். முழுப் பெயர் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. நெல்லைப் பக்கத்திலிருந்து போய்த் தாராவியில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் பிறந்த இடம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியதும் அங்கேதான். குறைமாதக் குழந்தைக்கு எண்ணெய் தடவுவது சூட்டையும் சத்தையும் தருமா என்று அவரது குழு 1987லேயே ஆராய்ந்திருந்தது. அதே மருத்துவமனையிலிருந்து 2005இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வில் ஒரு பிரிவுக்குத் தேங்காய் எண்ணெய், ஒரு பிரிவுக்குப் பேபி ஆயில் வகையான கனிம எண்ணெய், ஒரு பிரிவுக்குப் பவுடர் என்று நாளைக்கு நான்கு வேளை நீவினார்கள். குறைமாதக் குழந்தைகளில் தேங்காய் எண்ணெய்ப் பிரிவுக்கு மற்ற இரண்டையும்விட எடை வேகமாக ஏறியது. நீவுதல் எல்லாருக்கும் பொது என்பதால், இந்த வித்தியாசத்துக்கு எண்ணெயும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். குறைமாதத் தோல் மெல்லியது. அதன் வழியாகத் தாவர எண்ணெயின் கொழுப்பமிலங்கள் உள்ளே போய், ரத்தத்திலேயே தெரிவதை புனேயில் நடந்த இன்னோர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு டெல்லியில் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளிடம் செய்த சிறிய ஆய்வில் எண்ணெய் நீவல் பிரிவுக்கு எடை கொஞ்சம் கூடியது, ஆனால் தற்செயல் என்று சொல்ல இடமில்லாத அளவுக்குக் கூடவில்லை.

எண்ணெயின் இன்னொரு வேலை, எடையைவிட முக்கியமானதாகக்கூட இருக்கலாம். டாக்கா சிசு மருத்துவமனையில் 33 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். நீவவில்லை, தடவினார்கள். மருத்துவமனையில் தொற்றும் கிருமிக் காய்ச்சல் 41 சதவீதம் குறைந்தது. தோல் என்ற மதில் கெட்டிப்பட்டால் கிருமி உள்ளே வராது என்பதுதான் கணக்கு. ஆனால் எந்த எண்ணெய் வேண்டுமானாலும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. வட இந்தியாவிலும் நேபாளத்திலும் பிள்ளைக்குத் தேய்க்கும் கடுகெண்ணெய், எலிகளின் தோலில் சோதித்தபோது மதிலைக் கெட்டிப்படுத்தாமல் குலைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குறைமாதக் குழந்தைக்கு எண்ணெய் தடவுவதைப் "பரிசீலிக்கலாம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது.

இனி பாட்டியிடம் வருவோம். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலின்மேல் கிடத்தி, நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தேய்த்து, கையையும் காலையும் குறுக்கே மாற்றி இழுத்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டித் தூங்க வைக்கும் அந்தக் கைக்கு மரியாதை உண்டு. நிறைமாதக் குழந்தைக்கு அதில் நல்லதும் இருக்கிறது. ஆனால் 1,400 கிராமில் வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு அது பொருந்தாது. சுண்ணாம்பு சேராத எலும்பு, வெடுக்கென்று இழுத்தால் முறியும். மூளைக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. தலையை உருட்டிப் பிடித்து வடிவம் கொண்டுவருகிறேன் என்று அழுத்துவதெல்லாம் வேண்டவே வேண்டாம். மூக்கில் சொட்டும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும். காதில் ஊற்றுவதும், மாரில் பால் எடுக்கிறேன் என்று பிதுக்குவதும் நிறைமாதப் பிள்ளைக்கே கூடாது. குளிப்பாட்டுவதில் இழக்கும் சூடு, சேர்த்த எடையைக் கரைத்துவிடும். எடை நன்றாக ஏறும்வரை துடைத்துவிட்டாலே போதும். சாம்பிராணிப் புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்த நுரையீரல் இப்போதுதான் மூச்சு விடப் பழகுகிறது.

1986 ஆய்வில் அடிக்கோடிடச் சொன்ன விவரம் இங்கேதான் உதவுகிறது. வென்டிலேட்டரில் இருக்கும், கிருமித் தொற்றோடு போராடும், தொப்புளில் குழாய் செருகியிருக்கும் குழந்தைகளுக்கு இதைச் செய்து அந்த எண்கள் வரவில்லை. தேறிய குழந்தைகளுக்குச் செய்து வந்தவை அவை. எனவே எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பால் கொடுத்த உடனே செய்யக் கூடாது, குறைந்தது அரை மணி நேரமாவது போகட்டும். நகத்தை வெட்டி, மோதிரம் வளையலைக் கழற்றி, கையைக் கழுவிச் சூடாக்கிக்கொண்டு தொடங்க வேண்டும். அப்புறம் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். விரல்களை விசிறிபோல் விரித்தால், விக்கல் எடுத்தால், முதுகை வளைத்து விறைத்தால், நிறம் மாறினால் "போதும்" என்கிறது என்று அர்த்தம். பதினைந்து நிமிடக் கணக்கெல்லாம் அப்போது செல்லாது.

சரி, யார் செய்வது? நாளைக்கு மூன்று தடவை பதினைந்து நிமிடம் என்றால் ஒரு குழந்தைக்கு முக்கால் மணி நேரம். ஒரு செவிலியர் நான்கைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் அது நடக்கிற காரியமா? இஸ்ரேலில் 2002இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை வைத்திருக்கிறது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் நீவியபோதும், சொல்லிக்கொடுத்து அம்மாவே நீவியபோதும் எடை ஒரே மாதிரிதான் கூடியது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் அம்மாக்கள் நீவிய குழந்தைகளுக்குத் தாமதமாக வரும் ரத்தத் தொற்றும் குறைந்தது, வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள். ஊதியம் கொடுக்க வேண்டாத, இருபத்துநான்கு மணி நேரமும் வாசலிலேயே காத்திருக்கும் ஆளை உள்ளே விட்டாலே போதும்.

உள்ளே விடுவதில்தான் சிக்கல். நம் மருத்துவமனைகள் பலவற்றில் தாய் இன்னமும் விருந்தாளிதான். பால் பீச்சிக் கொடுக்க வருவார், எட்டிப் பார்ப்பார், போய்விடுவார். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் எட்கர் ரே என்ற மருத்துவர், குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டிவைக்கத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு பிறந்தது அப்படித்தான். நீவுவதா கங்காருவா என்று கேட்டால் நான் தயங்காமல் கங்காருவைச் சொல்வேன். அதற்கு ஆதாரம் பல மடங்கு கனமானது, உயிரையே காப்பாற்றுகிறது. இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் ஒரு கிலோவுக்கும் 1,800 கிராமுக்கும் இடைப்பட்ட எடையோடு பிறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. நிலைமை தேறட்டும் என்று காத்திராமல் பிறந்தவுடனே தாயின் மார்பில் போட்ட குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். தேறும்வரை காத்திருந்து பிறகு போட்ட குழந்தைகளில் 15.7 சதவீதம். நீவுதல், இந்த மார்புச் சூட்டுக்கு மேல் கூடுதலாகச் செய்யக்கூடியது. மார்பில் கிடக்கும் குழந்தையின் முதுகில் அம்மாவின் கை ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கொஞ்சம் அழுத்தி நகர்த்தச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

அந்த ஆய்வில் பங்கெடுத்த இந்திய மருத்துவமனை டெல்லியின் சஃப்தர்ஜங். மார்பில் போட வேண்டும் என்றால் தாய் பக்கத்திலேயே இருக்க வேண்டுமே? அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே, ஒவ்வொரு குழந்தையின் வார்மருக்கும் (சூடு தரும் படுக்கை) பக்கத்தில் தாய்க்கு ஒரு கட்டில் போட்டார்கள். பெற்ற உடம்புக்கான மருத்துவமும் அதே கட்டிலில் நடந்தது. காலையில் எடை பார்க்க வரும் சிஸ்டரிடம் அங்கே யாரும் எண்ணைக் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. தராசில் வைப்பதற்குப் பிள்ளையை அம்மாவின் மார்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.